பமுக்கலே: பஞ்சுக் கோட்டையில் கோட்டை விடாதீர்கள்

துருக்கியின் பமுக்கலேவுக்கு நம் ஆட்களை அழைத்துப் போவது என் பிழைப்பு. பெயருக்குப் பஞ்சுக் கோட்டை என்று அர்த்தம்; ஊற்று நீரின் சுண்ணாம்பு படிந்து படிப்படியாக உருவான வெள்ளை மலைச்சரிவு அது. ஒவ்வொரு தடவையும் நுழைவாயிலில் யாராவது ஒருவர், நான் முதல் முறை அடித்த அதே கூத்தை அடித்துக்கொண்டிருப்பார். தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை.

அன்டால்யாவிலிருந்து ஒருநாள் பஸ்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். "காலையில் போய் ராத்திரி திரும்பிடலாம், மதியச் சாப்பாடும் உண்டு" என்று அன்டால்யா என்ற அந்தக் கடற்கரை ஊரில் ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பிப் பணம் கட்டினேன். போக வர எட்டு மணி நேரம். நடுவில் ஒரு கல் நகைக் கடை, ஒரு துணிக்கடை. இரண்டிலும் டீ கொடுத்து உட்காரவைத்தார்கள். உச்சி வெயிலில் இறக்கிவிட்டு, இரண்டரை மணி நேரத்தில் பஸ்ஸுக்கு வந்துவிட வேண்டும் என்றார் வழிகாட்டி. வெள்ளைப் பாறையில் பட்ட வெயில் கண்ணைத் திறக்கவிடவில்லை. ஒரு குட்டையில் கால் நனைத்தேன், கழிப்பறை வரிசையில் நின்றேன், நேரம் முடிந்தது.

மேலே ஹியராபோலிஸ் என்று ஒரு பழைய நகரமே இடிந்து கிடக்கிறது. கிமு 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் என்ற பண்டைய கிரேக்க அரசின் மன்னர்கள் காலத்தில் எழுந்த ஊர். வடக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள், மலைச்சரிவில் ரோமானிய அரங்கம். அந்த அரங்கத்தை நான் அன்று பார்த்தது தபால் அட்டையில்.

அடிவாரக் கிராமத்தில் ஓர் இரவு தங்குங்கள். பக்கத்து நகரமான டெனிஸ்லியிலிருந்து மினிபஸ் உண்டு. வடக்கு வாசலில் நுழைந்து, கல்லறைகள் வழியே நடந்து, அரங்கம் ஏறிப் பார்த்துவிட்டு, அப்புறம் வெயில் சாயும் நேரத்தில் சுண்ணாம்புப் படிகள் வழியாகக் கிராமத்துக்கே இறங்கிவிடலாம்.

செருப்பு

சுண்ணாம்புப் படிகளில் கழற்றியே ஆக வேண்டும். கையில் ஒரு பை இருக்கட்டும்.

போட்டோவில் பார்த்த நீலக் குளங்கள்

"தண்ணியே இல்லையே, ஏமாத்திட்டாங்க" என்று ஒரு அண்ணன் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். ஏமாற்று இல்லை. ஊற்று நீர் வெளியே வந்ததும் அதிலுள்ள கரியமில வாயு பறக்கிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு படிகிறது. முதலில் ஈரக் கோலமாவு மாதிரி விரலிடுக்கில் பிதுங்கும், பிறகு கல்லாக இறுகும். ஒரே இடத்தில் நீர் ஓடிக்கொண்டே இருந்தால் பாசி பிடித்து வெண்மை போய்விடும். அதனால் மடை திருப்புவதுபோல முறை வைத்து விடுகிறார்கள். ஒருகாலத்தில் மேலே ஹோட்டல்கள் கட்டி, இந்த நீரைத் தங்கள் குளங்களுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு அவற்றை இடித்தார்கள்.

பழைய குளம்

ஹியராபோலிஸில் உள்ள வெந்நீர்க் குளம் இது. இறங்கிக் குளிக்கத் தனிக் கட்டணம். நிலநடுக்கத்தில் விழுந்த பளிங்குத் தூண்கள் நீருக்கடியில் கிடக்கின்றன, வழுக்கும். நான் முழங்காலில் வாங்கியிருக்கிறேன்.

புளூட்டோ வாசல்

ரோமானியர்களின் பாதாள தேவன் புளூட்டோவின் பெயரில் ஹியராபோலிஸில் உள்ள குகை வாய் இது. வேலியைத் தாண்டாதீர்கள். தான் உள்ளே விட்ட சிட்டுக்குருவிகள் உடனே செத்து விழுந்ததாக பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். கொன்றது கரியமில வாயு. அது இன்னும் கசிகிறது.