உடைந்த நிரலைக் கிட் கமிட்டிலேயே மடக்குவது

இணையப் பக்கங்களுக்கான பிஎச்பி மொழியில் ஒரு செமிகோலன் விட்டுப்போய், பக்கம் முழுக்க வெள்ளையாக நின்றது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் அதைக் கமிட் செய்தது, அதாவது பதிந்தது, நான்தான். மறுநாளே, கமிட் நடக்கும் முன் கிட் தானாக ஓட்டும் ப்ரீ-கமிட் ஹூக் என்ற ஸ்கிரிப்ட் எழுதினேன். கொஞ்ச நாளில் அதையும் தாண்டி இன்னொரு பிழை உள்ளே போனது.

முதலில் அடிப்படை. ரெப்போவின் (நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தின்) டாட் கிட் ஃபோல்டருக்குள் ஹூக்ஸ் என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதில் ப்ரீ-கமிட் என்ற பெயரில், எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல், ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வையுங்கள். இயக்க அனுமதி கொடுங்கள். மறந்தால் கிட் அதை ஓட்டாது, கமிட் தன் பாட்டுக்குப் போய்விடும். ஸ்கிரிப்ட் 0-வில் முடிந்தால் கமிட் நடக்கும், வேறு எண் என்றால் நிற்கும்.

ஸ்டேஜ் ஆன, அதாவது கிட் ஆட் போட்டு அடுத்த கமிட்டுக்கு எடுத்துவைத்த, ஃபைல்களின் பெயர்களை எடுக்க, கிட் டிஃப்போடு கேச்டு, நேம்-ஒன்லி என்ற ஆப்ஷன்கள் போதும். டிஃப்-ஃபில்டருக்கு, டெலீட்டின் முதல் எழுத்தான டி-யைச் சின்ன எழுத்தில் கொடுத்தால் நீக்கிய ஃபைல்கள் வராது. பலரும் ஏசிஎம் (சேர்த்தவை, நகலெடுத்தவை, திருத்தியவை மட்டும்) என்று போடுகிறார்கள். பெயரையும் மாற்றி உள்ளேயும் திருத்திய ஃபைல் அதில் தப்பிவிடும்.

இனி நான் சறுக்கிய இடம். பிழையோடு ஒரு ஃபைலை ஸ்டேஜ் செய்திருந்தேன். அப்புறம் எடிட்டரில் திருத்தினேன், மறுபடி கிட் ஆட் போடவில்லை. என் ஹூக் டிஸ்கில் இருந்த ஃபைலைப் படித்துவிட்டு எல்லாம் சரி என்றது. கமிட்டில் போனதோ ஸ்டேஜில் கிடந்த பழைய, உடைந்த நிரல்! அதனால் கிட் ஷோ கட்டளையில் ஃபைல் பெயருக்கு முன் ஒரு கோலன் போட்டு, ஸ்டேஜில் உள்ளதையே எடுங்கள். அதை அப்படியே பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தருவது) வழியாக, நிரலை ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும் பிஎச்பியின் எல் ஆப்ஷனுக்கு அனுப்பலாம். சரிபார்ப்பது ஷெல் ஸ்கிரிப்ட் என்றால், பாஷில் 'என்' என்ற எழுத்து ஆப்ஷன். பைத்தானுக்கு ஏஎஸ்டி மாட்யூலின் பார்ஸ் ஃபங்ஷன் போதும். பைப்பில் வந்ததால் பிழைச் செய்தியில் ஃபைல் பெயர் இருக்காது, நீங்களே அச்சிடுங்கள்.

இன்னொரு பொறி: ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் பைப்புக்குப் பின்னால் போடும் வைல் லூப் பாஷில் தனி ஷெல்லில் ஓடும். உள்ளே "தோல்வி" என்று குறித்த வேரியபிள் வெளியே வராது. பிழையைக் காட்டிவிட்டு 0-வில் முடியும் ஹூக்கை நானே எழுதியிருக்கிறேன்.

ரெப்போவைக் குளோன் செய்தால், அதாவது நகலெடுத்தால், ஹூக் கூட வராது. கிட் 2.9 முதல் கோர் டாட் ஹூக்ஸ்பாத் என்ற செட்டிங் உண்டு. ஹூக்கை ரெப்போவுக்குள்ளேயே வைத்து அதைச் சுட்டலாம். ஆனாலும் ஒவ்வொருவரும் தன் கணினியில் அதை அமைக்க வேண்டும், அமைத்தவரும் கமிட்டில் நோ-வெரிஃபை ஆப்ஷன் போட்டு ஹூக்கைத் தாண்டலாம். தாண்டவே கூடாது என்றால், அனுப்பிய கமிட்டுகளை ஏற்கும் முன் ஓடும் ப்ரீ-ரிசீவ் ஹூக்கை சர்வரில் வையுங்கள். பழைய கமிட், புதிய கமிட், பிராஞ்சின் (கிளையின்) பெயர் மூன்றும் ஒரே வரியில் அதற்கு உள்ளீடாக வரும். அங்கே டிஸ்கில் ஃபைல்கள் இருக்காது. கோலனுக்கு முன் புதிய கமிட்டின் ஹாஷை (அதன் அடையாளக் குறியீட்டை) சேர்த்து அதே கிட் ஷோவால் எடுக்கலாம். புதிய பிராஞ்ச் என்றால் பழைய ஹாஷ் முழுக்கச் சுழியம், ஒப்பிட எதுவும் இல்லை. எல்லா ஃபைலையும் பாருங்கள். புதிய ஹாஷ் சுழியமாக வந்தால் யாரோ பிராஞ்சை நீக்குகிறார்கள், அந்த வரியை விட்டுவிடுங்கள்.