துளையில்லாத கைப்பேசியில் பழைய இயர்ஃபோனைப் பாடவைப்பது

ஐஃபோன் 7 வந்த 2016இல் ஆப்பிள் 3.5 மி.மீ. இயர்ஃபோன் துளையை எடுத்துவிட்டது. சாம்சுங் 2019இல் நோட் 10 மாடலில் அதையே செய்தது. இப்போது விலை கூடிய கைப்பேசிகளில் அந்தத் துளை அரிது; பெரும்பாலும் மலிவான சில மாடல்களில்தான் மிச்சமிருக்கிறது. அதற்காக வீட்டிலிருக்கும் நல்ல ஒயர் இயர்ஃபோனைத் தூக்கிப் போட வேண்டாம். சார்ஜ் துளையில் இயர்ஃபோனைப் பொருத்தும் சரியான அடாப்டர் ஒன்று போதும். தவறானதை வாங்கிவிட்டு, "ஒயர் இனிமேல் சரிவராது" என்று புளூடூத்துக்குப் போனவர்கள் உண்டு.

பழைய துளை வழியாக ஒலி நேரடியாக மின்னலையாக வெளியே வந்தது. சார்ஜ் போடும் யுஎஸ்பி-சி துளையிலிருந்து பெரும்பாலும் வருவது எண்வடிவத் தரவு. அதை ஒலியாக மாற்ற டிஏசி என்ற சிறு சில்லு வேண்டும், அது அடாப்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். கடையில் தொங்கும் அடாப்டர்களில் சில்லு உள்ளதும் உண்டு, வெறும் ஒயரை மட்டும் இணைத்ததும் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சில்லு இல்லாதது பழைய மாடல்கள் சிலவற்றில் மட்டும் வேலை செய்யும். ஐஃபோன் 15, அதற்குப் பிந்தியவை, இன்றைய சாம்சுங் கேலக்ஸி, பிக்சல் எதிலும் சத்தமே வராது. அட்டையில் டிஏசி என்றோ "24 பிட் / 96 கிலோஹெர்ட்ஸ்" போன்ற குறிப்போ இல்லையென்றால் வாங்காதீர்கள். ஐஃபோன் 14 வரை உள்ளவற்றுக்கு ஆப்பிளின் பழைய சார்ஜ் துளைக்கான லைட்னிங் அடாப்டர் வேண்டும், அது தனி வகை.

சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேரோ முஸ்தபாவோ பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கடையோ, எங்கே வாங்கினாலும் சொந்தக் கைப்பேசியையும் இயர்ஃபோனையும் கையோடு கொண்டுபோங்கள். முதலில் ஒரு பாட்டைப் போட்டு இரண்டு காதிலும் வருகிறதா என்று பாருங்கள். பாட்டு ஓடும்போதே பின்னை மெல்ல அசையுங்கள். கரகரத்தால் வேறொன்றைக் கேளுங்கள். பிறகு மைக். குரல் பதிவுச் செயலியைத் திறந்து, பேசிக்கொண்டே இயர்ஃபோன் மைக்கை நகத்தால் சுரண்டுங்கள். பதிவில் சுரண்டல் பெரிதாகக் கேட்டால் அந்த மைக் வேலை செய்கிறது. கேட்காவிட்டால் கைப்பேசியின் சொந்த மைக்தான் பதிவு செய்திருக்கிறது. ஊருக்கு மணிக்கணக்கில் பேசுபவர்கள் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. இயர்ஃபோன் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் மைக் உண்டு, இரண்டே இருந்தால் இல்லை. அடாப்டரைக் குறை சொல்லுமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

ஆப்பிளின் யுஎஸ்பி-சி அடாப்டர் நல்லதுதான், ஆனால் ஆண்ட்ராய்டில் போட்டால் பல மாடல்களில் சத்தம் பாதியாகக் குறையும். அடாப்டரின் உள் ஒலியளவு தாழ்வாகவே தொடங்கும், ஆண்ட்ராய்டு அதை உயர்த்தாது என்பதே காரணம். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் தங்கள் கைப்பேசி நிறுவனத்தின் அடாப்டரையே எடுப்பது நல்லது.

செருகியும் சத்தம் வரவில்லையா? ஓப்போ, விவோ, ஒன்பிளஸ் மாடல்கள் பலவற்றில் அமைப்புகளில் "ஓடிஜி" என்றொரு பொத்தான் இருக்கும். அதை இயக்க வேண்டும். பத்து நிமிடம் பயன்படுத்தாவிட்டால் தானே அணைந்துவிடும், மறுபடி இயக்க வேண்டும். டெவலப்பர் அமைப்புகளைத் திறந்து விளையாடியவர்கள், யுஎஸ்பி ஒலியை முடக்கும் தேர்வு தவறுதலாக இயங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் துளையில் பஞ்சு. சட்டைப்பை, பேன்ட் பை நூலெல்லாம் அடியில் போய் இறுகிவிடும். பின் முழுதாக இறங்காது. கைப்பேசியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுங்கள். ஊசி வேண்டாம்: நடுவிலிருக்கும் மெல்லிய பட்டை ஒடிந்தால் பழுது பார்க்கும் செலவு அடாப்டரைவிடப் பல மடங்கு.

கேட்டுக்கொண்டே சார்ஜ் போட வேண்டுமென்றால் இரட்டைத் துளை அடாப்டர் கிடைக்கும். இதில்தான் ஏமாற்று அதிகம். சார்ஜ் மட்டும் ஏறி ஒலி வராதவையும், ஒலி வந்து சார்ஜ் ஊர்வதும் சகஜம். டிஏசியோடு "பிடி" வேகச் சார்ஜும் ஆதரிக்கும் என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செருகிக் கடையிலேயே பத்து நிமிடம் பாருங்கள்.

அடாப்டர் முதலில் சாவது ஒயர் பின்னோடு சேரும் இடத்தில். கைப்பேசியைப் பைக்குள் தலைகீழாக, துளை மேலே பார்க்கும்படி வையுங்கள், ஒயர் மடங்காது. கேட்காதபோது கைப்பேசியிலிருந்து கழற்றி, இயர்ஃபோன் பின்னிலேயே விட்டுவிடுங்கள். தொலையாது, சும்மா இருக்கும்போது சில்லு பேட்டரியையும் உறிஞ்சாது.

ஒரு இழப்பை மட்டும் அடாப்டராலும் ஈடுகட்ட முடியாது: எஃப்எம் வானொலி. பழைய கைப்பேசிகளில் இயர்ஃபோன் ஒயரே ஏரியல். துளை போனதும் பெரும்பாலான மாடல்களில் அந்தச் செயலியும் போயிற்று. சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8 கேட்க மீலிசன் செயலி இருக்கிறது, ஆனால் அது இணையத்தில் ஓடும். வினாடிக்கு 128 கிலோபிட் ஒலி என்றால் மணிக்கு ஏறக்குறைய 58 எம்பி தரவு போகும். நேரடி ஒலிபரப்பைவிடச் சில வினாடிகள் பின்தங்கியும் வரும். நாள் முழுக்க வானொலி ஓடும் வீட்டில் தாத்தா பாட்டிக்குச் செயலியைப் பழக்குவதைவிட ஒரு சிறு டிரான்சிஸ்டரை வாங்கிக் கொடுப்பது எளிது.

புளூடூத்தே வேண்டுமென்றால் இரண்டு தொல்லைகளை எதிர்பாருங்கள். நெரிசல் நேரத்தில் சிட்டி ஹால், தோபி காட் போன்ற எம்ஆர்டி ரயில் சந்திப்பு நிலையங்களில் ஒலி அறுபடும். எல்லாரும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இருக்கிறார்கள், நம் உடம்பும் அந்த அலையை உறிஞ்சும். கைப்பேசியைப் பின்பையிலிருந்து எடுத்துக் கையிலோ சட்டைப்பையிலோ வையுங்கள். எல்டிஏசி என்ற உயர்தரப் புளூடூத் ஒலி முறையைப் பயன்படுத்தினால் 990 கிலோபிட்டை விட்டு 330-க்கு இறக்குங்கள். இன்னொன்று வியர்வை. ஐபிஎக்ஸ்4 என்பது தூறல் தாங்கும் தரம், அதுவும் பெரும்பாலும் இயர்பட்டுக்குத்தான், அதன் சார்ஜ் பெட்டிக்கு அல்ல. ஓடி முடித்ததும் ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டால் சார்ஜ் முனைகள் பச்சை பூத்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் காற்றாடவிட்டுப் பிறகு வையுங்கள்.

ஒயரோ புளூடூத்தோ, எம்ஆர்டி சுரங்கப் பாதையில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது எல்லாருக்கும் வரும் பழக்கம். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75. சத்தத்தைக் கூட்டுமுன் சிலிக்கான் முனையை ஓர் அளவு பெரிதாக்கிப் பாருங்கள். காதை நன்றாக அடைத்தால் ரயில் இரைச்சல் தணியும், பாஸ் ஒலியும் திரும்பி வரும், இரண்டு மூன்று படி குறைத்தாலும் பாட்டு தெளிவாகக் கேட்கும்.