மண்டிக் கணக்குக்கு எந்த டேட்டாபேஸ்? எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் மண்டிக்கோ மாங்கூழ் ஆலைக்கோ மென்பொருள் எழுதும்போது போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, எஸ்க்யூலைட் ஆகியவற்றின் வசதிப் பட்டியலை அருகருகே வைத்துப் பார்த்தால் பெரிய தெளிவு கிடைக்காது. ஜாயின், இண்டெக்ஸ், டிரான்சாக்ஷன் எல்லாம் நான்கிலும் உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், திருத்திய ரெக்கார்டின் பழைய வடிவம் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் இவை பிரிகின்றன.

எடை மேடையும் பில்லும் ஒரே கணினியில் என்றால் எஸ்க்யூலைட் போதும். அது சர்வர் அல்ல, உங்கள் நிரலுக்குள்ளேயே ஓடும் ஒரு லைப்ரரி. மொத்த டேட்டாவும் ஒரே ஃபைல். எத்தனை பேரும் படிக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் எழுதுவது ஒருவர்தான். நிறுவியதும் மூன்றைச் செய்யுங்கள். ஜர்னல் மோடை வால் (WAL, மாற்றத்தை முதலில் தனி லாகில் எழுதும் முறை) என்று மாற்றுங்கள். பிசி டைம்அவுட்டை (busy timeout, லாக் விடும்வரை காத்திருக்கும் நேரம்) 5000 மில்லிசெகண்ட் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு திரைகள் மோதும்போதே 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' வந்து நிற்கும். ஒவ்வொரு கனெக்ஷனிலும் ஃபாரின் கீயை (ஒரு டேபிள் சுட்டும் ரெக்கார்டு இன்னொன்றில் இருக்கிறதா என்ற சோதனையை) ஆன் செய்யுங்கள், இயல்பில் அது ஆஃப். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில், எழுதியது டிஸ்கில் சேர்ந்ததை எவ்வளவு கறாராக உறுதிசெய்வது என்ற சிங்க்ரனஸ் அமைப்பை ஃபுல் என்று வைக்க வேண்டும். வால் மோடில் நார்மல் வைத்தால் ஃபைல் கெடாது, ஆனால் கடைசியாகப் போட்ட சில சீட்டுகள் காணாமல் போகலாம்.

அந்த ஃபைலை லேன் ஷேர் ஃபோல்டரில் வைத்து மூன்று கணினிகளில் திறக்கவே கூடாது. வால் மோட் நெட்வொர்க் டிரைவில் வேலை செய்யாது. மற்ற மோடிலும் ஃபைல் லாக் நெட்வொர்க்கில் பிசகினால் டேட்டா கெடும். இரண்டாவது கணினி வந்துவிட்டால் சர்வருக்கு மாறுங்கள்.

சர்வர் என்றால் எடை மேடைச் சீட்டை வைத்தே யோசிப்போம். லாரி உள்ளே வரும்போது மொத்த எடையோடு ஒரு ரெக்கார்டு பிறக்கிறது. இறக்கிவிட்டுப் போகும்போது காலி எடை அதே ரெக்கார்டில் ஏறுகிறது. மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் இயல்பான எஞ்சினான இன்னோடிபி, புது மதிப்பை அதே இடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அன்டூ லாகில் வைக்கும். போஸ்ட்கிரெஸ் புதிய ரெக்கார்டை டேபிளிலேயே தனியாக எழுதும். பழையதும் அங்கேயே கிடக்கும், வேக்கம் என்ற துப்புரவு வேலை வந்துதான் அந்த இடத்தை மறுபடி பயன்படுத்த விடும். இயல்பான அமைப்பில் டேபிளின் 20 சதவீதமும் 50 ரெக்கார்டும் சேர்ந்த அளவு மாறிய பிறகே ஆட்டோவேக்கம் (தானாக ஓடும் வேக்கம்) தொடும். பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் வாரங்களில் சீட்டு டேபிளுக்கு மட்டும் இதை 5 சதவீதமாகக் குறையுங்கள். டேபிளின் ஒவ்வொரு பக்கத்தையும் (page) எத்தனை சதவீதம் நிரப்புவது என்ற ஃபில்ஃபேக்டரை 100லிருந்து 85 ஆக்குங்கள். அந்தப் பக்கத்துக்குள் இடம் மிச்சம் இருந்து, காலி எடை நெடுவரிசைக்கு (column) இண்டெக்ஸும் இல்லை என்றால், திருத்தும்போது இண்டெக்ஸைத் தொடவே வேண்டியிருக்காது. வேகம் குறைகிறது என்று ஆட்டோவேக்கத்தை நிறுத்துவது மிகத் தவறான வைத்தியம்: டேபிள் வீங்கும், வேகம் இன்னும் குறையும்.

இன்னோடிபியில் கவனம் வேறு இடத்தில் வேண்டும். அங்கே டேபிளே பிரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் அடையாளம் காட்டும் தனி மதிப்பு) வரிசையில்தான் அடுக்கப்படுகிறது. மற்ற இண்டெக்ஸ் ஒவ்வொன்றும் அந்தக் கீயையும் சுமக்கிறது. ரேண்டம் யூயூஐடியைப் (வரிசையில்லாமல் உருவாகும் நீளமான அடையாள எண்) பிரைமரி கீ ஆக்கினால் பக்கங்கள் கண்டபடி உடையும், எல்லா இண்டெக்ஸும் பெருத்துவிடும். தானாக ஏறிக்கொண்டே போகும் ஆட்டோ இன்க்ரிமென்ட் எண் வைத்துக்கொள்ளுங்கள்.

மெமரி ஒதுக்கீட்டையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே காப்பியடிக்க முடியாது. 8 ஜிபி கொண்ட தனி சர்வரில் போஸ்ட்கிரெஸுக்கு ஷேர்டு பஃபர்ஸ் (டேட்டாவை மெமரியில் வைத்திருக்கும் இடம்) 2 ஜிபி போதும், மிச்சத்துக்கு அது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கேஷை நம்புகிறது. இன்னோடிபிக்கு அதே வேலை செய்யும் பஃபர் பூலுக்கு 5 ஜிபி வரை கொடுக்கலாம். இரண்டிலும் இயல்பு 128 எம்பி. அதையே விட்டுவிட்டு 'மெதுவாக இருக்கிறது' என்பவர்கள் அதிகம். கனெக்ஷனிலும் வேறுபாடு உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் ஒரு கனெக்ஷனுக்கு ஒரு த்ரெட், போஸ்ட்கிரெஸில் ஒரு முழு ப்ராசஸ். ஆகவே விவசாயிகள் மொபைலில் விலை பார்க்கும் ஆப் வந்தால் மேக்ஸ் கனெக்ஷன்ஸை 1000 என்று ஏற்றாமல், முன்னால் பிஜிபவுன்சர் (சில கனெக்ஷன்களையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள்) வையுங்கள்.

சீசன் நடுவில் டேபிளில் நெடுவரிசை சேர்க்க வேண்டி வரும், கட்டாயம் வரும். போஸ்ட்கிரெஸில் டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையும் டிரான்சாக்ஷனுக்குள் அடங்கும். ஐந்து மாற்றங்களில் நான்காவது தவறினால் ரோல்பேக் செய்ததும் எல்லாம் பழையபடி. மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு ஆல்டரும் தானே கமிட் ஆகிவிடும், பாதி மாறிய நிலையில் நிற்பீர்கள். தவறான மதிப்பைத் தடுக்கும் செக் கட்டுப்பாடும் அப்படித்தான்: 8.0.16க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல் 'காலி எடை மொத்த எடையைவிடக் குறைவு' என்ற விதியை ஏற்றுக்கொண்டு, பிறகு கண்டுகொள்ளாது. இந்த இரண்டு காரணங்களுக்காகவே பல பேர் எழுதும் மண்டிக்குப் போஸ்ட்கிரெஸையே சொல்வோம்.

தமிழ்ப் பெயர்களைத் தனியாகச் சோதியுங்கள். பரமன், பழனி, பன்னீர் மூன்றையும் போட்டு வரிசைப்படுத்துங்கள். வெறும் பைட் வரிசையில் பன்னீர் முதலில் வந்தால், யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து இருப்பதுதான் காரணம். போஸ்ட்கிரெஸில் ஐசியூ (ICU) என்ற யூனிகோட் லைப்ரரியின் தமிழ் கொலேஷனை (வரிசைப்படுத்தும் விதியை) கொடுத்தால் அகராதி வரிசை வரும். எஸ்க்யூலைட்டின் இயல்பு பைட் வரிசையே. நெடுவரிசைக்குக் கொடுக்கும் நீளத்திலும் ஏமாறாதீர்கள்: 'கிருஷ்ணகிரி' கண்ணுக்கு 6 எழுத்து, டேட்டாபேஸுக்கு 11. பெயருக்கு 20 என்று வைத்தால் அப்பா பெயரோடு சேர்த்து எழுத இடம் இருக்காது.

பணத்துக்குத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வேண்டாம், நியூமெரிக் 12,2 (மொத்தம் 12 இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் 2) வையுங்கள். எஸ்க்யூலைட்டில் அதுவும் உள்ளே ஃப்ளோட் ஆகிவிடும் என்பதால் பைசாவாக மாற்றி முழு எண்ணாகச் சேமியுங்கள்.

மரியாடிபி 2009இல் மைஎஸ்க்யூஎல்லில் இருந்து பிரிந்தது. இன்று இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடும் நிலையில் இல்லை. டேட்டா ஃபோல்டரைத் தூக்கி வைக்காமல் டம்ப் (டேட்டா முழுவதையும் கட்டளைகளாக எழுதிய ஃபைல்) எடுத்து ஏற்றுங்கள். அந்த மைஎஸ்க்யூஎல் டம்பில் சிங்கிள் டிரான்சாக்ஷன் தேர்வு (எல்லா டேபிளையும் ஒரே நேரத்து நிலையில் எடுப்பது) இருக்கட்டும். போஸ்ட்கிரெஸுக்கு பிஜி டம்ப், எஸ்க்யூலைட்டுக்கு அதன் பேக்கப் கட்டளை. எதுவானாலும் மார்ச் மாதத்துக்குள் ஒருமுறை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, போன சீசனின் மொத்த டன்னும் பட்டுவாடாவும் பழைய அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.