பிரிட்டன் ஸ்கில்டு வொர்க்கர் விசா: முதல் முறை விண்ணப்பிக்கிறவர்களுக்கு

பிரிட்டனில் ஒரு நிறுவனத்திடமிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, அடுத்து எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அப்படித்தானே? 2020 டிசம்பர் 1 அன்று பழைய டயர் 2 விசாவின் இடத்துக்கு வந்ததுதான் இந்த ஸ்கில்டு வொர்க்கர் விசா. படிவம் பெரிய கஷ்டம் இல்லை, ஒரு சாயங்காலத்தில் நிரப்பிவிடலாம். ஆனால் இதில் கேட்கிற ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனி காலக்கெடு இருக்கிறது. படிப்பு, அனுபவம், நல்ல சம்பளம் எல்லாம் இருந்தும் தேதி இடித்ததால் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் எதை எப்போது செய்வது என்பதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

படி 1: நிறுவனத்துக்கு லைசென்ஸ் இருக்கிறதா?

பிரிட்டனின் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸிடம் ஸ்பான்சர் லைசென்ஸ் (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்கும் அனுமதி) வாங்கிய நிறுவனம் மட்டுமே உங்களை இந்த விசாவில் அழைக்க முடியும். லைசென்ஸ் உள்ளவர்களின் பட்டியலை பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர், ஊர், ஏ ரேட்டிங்கா பி ரேட்டிங்கா, எந்த விசா வகைக்கு அனுமதி என்று எல்லாம் அதில் இருக்கும். ஆஃபர் லெட்டரில் உள்ள பெயரைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் உடனே பதற வேண்டாம், கடைப் பெயர் ஒன்றாகவும் பதிவு செய்த பெயர் வேறாகவும் இருக்கலாம். பதிவுப் பெயர் என்ன என்று எச்ஆரிடம் நேரடியாகக் கேளுங்கள். பெயர் கிடைத்தாலும் அதற்கு நேரே 'ஸ்கில்டு வொர்க்கர்' என்ற வகை இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள், வேறு வகை விசாவுக்கு மட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் அதே பட்டியலில்தான் இருப்பார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உங்களை வேலைக்கு எடுக்கும்போது நிறுவனம் உங்கள் பெயரில் 'சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்' என்ற பதிவை உருவாக்கும், சுருக்கமாக சிஓஎஸ். இதை லட்சக்கணக்கில் விலை பேசி விற்கிற ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். சிஓஎஸ்ஸுக்கான கட்டணம், லைசென்ஸ் கட்டணம், வெளிநாட்டு ஆளை எடுப்பதற்காக அரசு வாங்குகிற இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ், இந்த மூன்றையும் நிறுவனம்தான் கட்ட வேண்டும், உங்கள் தலையில் கட்ட விதிகள் அனுமதிப்பதில்லை. வேலை தேடித் தருவதற்கு ஏஜென்சி உங்களிடம் பணம் வாங்குவதற்கும் பிரிட்டன் சட்டத்தில் தடை உண்டு. காசு கொடுத்து வாங்கிய சிஓஎஸ்ஸுக்குப் பின்னால் பல நேரம் வேலையே இருக்காது. போய் இறங்கிய பிறகு அந்த நிறுவனத்தின் லைசென்ஸ் ரத்தானால் உங்கள் விசாக் காலமும் சேர்ந்தே குறைக்கப்படும், பொதுவாகக் கையில் மிஞ்சுவது 60 நாள்தான். வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டியவருக்கு அந்த 60 நாள் எதற்குப் போதும்? யாராவது சிஓஎஸ்ஸுக்கு விலை சொன்னால் அந்தப் பேச்சை அதோடு முடித்துவிடுங்கள்.

படி 2: வேலையும் சம்பளமும் பொருந்துகிறதா?

2025 ஜூலை 22 முதல் விதிகள் இறுகிவிட்டன. பட்டப்படிப்பு நிலை என்று அவர்கள் வகுத்திருக்கிற வேலைகளுக்குத்தான் இப்போது பெரும்பாலும் விசா, சில பட்டியல்களில் உள்ள வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் அன்றோடு நின்றுவிட்டது, இன்னும் அந்த வேலைக்கு விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சம்பளம் ஆண்டுக்குக் குறைந்தது 41,700 பவுண்டு இருக்க வேண்டும், அல்லது உங்கள் வேலைக்கென்று நிர்ணயித்த தொகை, இரண்டில் எது அதிகமோ அது. ஒவ்வொரு வேலைக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு, உதாரணமாக மென்பொருள் உருவாக்குநர்களுக்கு 2134, அந்தக் குறியீட்டை வைத்துத்தான் நிர்ணயத் தொகையைப் பார்க்க வேண்டும். அது வாரத்துக்கு 37.5 மணி நேரக் கணக்கு, உங்கள் ஒப்பந்தத்தில் மணி நேரம் கூடினால் தொகையும் கூடும். 26 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் தொழிலில் புதிதாக நுழைகிற இன்னும் சிலருக்கும் 33,400 பவுண்டு என்ற குறைந்த வரம்பு உண்டு. டாக்டர், நர்ஸ் போன்றவர்களுக்குத் தனி வழி, அதில் சம்பள வரம்பும் கட்டணமும் வேறு.

படி 3: ஆங்கிலம்

2026 ஜனவரி 8 முதல் பி2 நிலை (மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் ஒரு படி) கேட்கிறார்கள், அதற்கு முன் ஒரு படி கீழே உள்ள பி1 போதுமானதாக இருந்தது. ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுவதாக இருந்தால் பதிவு செய்யும்போதே 'யுகேவிஐ' (பிரிட்டனின் விசா துறை) என்று குறிப்பிட்டுள்ள தேர்வைத் தேர்ந்தெடுங்கள். கேள்வித்தாள் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் சாதாரண ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண் இந்த விசாவுக்குச் செல்லாது. நான்கு பகுதியிலும் தனித்தனியாக 5.5 வேண்டும், ஒன்றில் 5 வாங்கி மற்றதில் 8 வாங்கினாலும் உதவாது. மதிப்பெண்ணுக்கு 2 ஆண்டு ஆயுள். ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்கள் எக்டிஸ் என்ற அமைப்பிடம் அதை உறுதிப்படுத்தி வாங்கினால் தேர்வே எழுத வேண்டாம், சான்றிதழ் வர நாள் பிடிக்கும் என்பதால் ஆஃபர் வருவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

படி 4: சிஓஎஸ் வந்ததும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

சிஓஎஸ் என்பது ஹோம் ஆபீஸ் கணினியில் இருக்கிற ஒரு பதிவு, உங்களுக்கு வேண்டியது அதன் எண். எண் மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடாமல், முழு விவரத்தையும் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்கள். வேலைக் குறியீடு, சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வேலை தொடங்கும் தேதி, பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் ஆட்களுக்குப் பெயரில்தான் சிக்கல் அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் சிலருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் இருக்கும், சிலருக்கு இனிஷியல் மட்டும் இருக்கும். எச்ஆர் இதைத் தன் மனம்போன போக்கில் மாற்றிப் போட்டுவிடுவார். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே சிஓஎஸ்ஸிலும் இருக்க வேண்டும். தவறு இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், நிறுவனம் அதில் குறிப்புச் சேர்த்துத் திருத்தலாம்.

சிஓஎஸ் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தொடங்கும் தேதிக்கு 3 மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவும் முடியாது. இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் உங்களுக்கு எத்தனை நாள் கிடைக்கிறது என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாத் தேதியும் இதற்குள் அடங்க வேண்டும்.

படி 5: டிபி டெஸ்ட், வங்கிக் கணக்கு

இந்தியா, இலங்கை, மலேசியா இந்த நாடுகளில் வசிப்பவர்களுக்கு காசநோய் பரிசோதனை கட்டாயம். பிரிட்டன் அரசு அங்கீகரித்த கிளினிக்கில் எடுத்தது மட்டும்தான் செல்லும், சான்றிதழுக்கு 6 மாத ஆயுள். எக்ஸ்ரேயில் ஏதாவது சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். எனவே சிஓஎஸ் உறுதி என்று தெரிந்ததுமே போய்விடுங்கள்.

அப்புறம் பணம். போய் இறங்கியதும் செலவுக்கு உங்களிடம் 1,270 பவுண்டு இருக்கிறது என்று காட்ட வேண்டும். சிஓஎஸ்ஸில் இந்தப் பொறுப்பை நிறுவனமே ஏற்றிருந்தால் ஸ்டேட்மென்ட்டே தேவையில்லை, முதலில் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் கணக்கில் தொடர்ந்து 28 நாள் அந்தத் தொகை குறையாமல் இருக்க வேண்டும், அந்த 28-வது நாள் விண்ணப்பிக்கிற தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். ஒரே ஒரு நாள் கீழே இறங்கினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். என் நண்பர் ஒருவருக்கு 20-ஆவது நாளில் வண்டிக் கடன் தவணை தானாகப் பிடித்துக்கொண்டதில் இருப்பு கொஞ்சம் குறைந்துபோனது, மறுபடி 28 நாள் காத்திருந்தார், சிஓஎஸ் காலாவதியாக நாலே நாள் இருக்கும்போது விண்ணப்பித்தார். அந்த ஒரு மாதம் அவர் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. ரூபாயின் மதிப்பும் ஏறி இறங்கும், அதனால் தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருங்கள். நகை, நிலம் இதெல்லாம் கணக்கில் வராது.

பள்ளி, மருத்துவம், சமூகப் பணி மாதிரியான வேலைகளுக்குப் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். கடந்த 10 ஆண்டுகளில் 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அது வேண்டும், வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் இதைச் சீக்கிரம் தொடங்குங்கள்.

படி 6: படிவமும் கட்டணமும்

அரசின் இணையதளத்திலேயே நீங்களே நிரப்பலாம். கேட்டதற்கு மட்டும் பதில், இருப்பது இருந்தபடி. முன்பு ஏதாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், மறுக்கப்பட்டது பெரிய குற்றமில்லை. ஆனால் மறைத்தாலோ பொய்யான அனுபவச் சான்றிதழ் கொடுத்தாலோ 10 ஆண்டு வரை தடை வரும்.

2025 ஏப்ரல் 9 முதல் இருந்த கட்டணப்படி, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் 3 ஆண்டு வரையிலான விசாவுக்கு 769 பவுண்டு, அதற்கு மேல் என்றால் 1,519. இதோடு சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆக, 3 ஆண்டுக்கு ஒருவருக்கு 3,874 பவுண்டு. மனைவி அல்லது கணவரையும் கூட்டிப் போனால் அவருக்கும் இதே தொகை. பல நிறுவனங்கள் இதைத் தாங்களே கட்டுகின்றன, ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்பே வெட்கப்படாமல் கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன, கட்டுகிற அன்று தளத்தில் உள்ள தொகையே சரி.

படி 7: பயோமெட்ரிக், அதன் பிறகு

விசா மையத்தில் நேரம் வாங்கி, கைரேகையும் புகைப்படமும் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆவணங்களை முந்தைய நாளே தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்றிவிடுங்கள், தமிழில் உள்ள எதற்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு சேருங்கள். வழக்கமாக 3 வாரத்தில் முடிவு வந்துவிடும். விமான டிக்கெட்டை அதுவரை போடாதீர்கள், வேலையை விடுவதாக மெயிலும் அனுப்பாதீர்கள்.

விசா கிடைத்ததும் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கரைத் தேடிக் குழம்ப வேண்டாம், 2025 ஜூலை 15 முதல் பெரும்பாலும் இ-விசாதான். யுகேவிஐ கணக்கு ஒன்றைத் திறந்து அதில் உங்கள் பாஸ்போர்ட்டை இணைத்தால் விவரம் தெரியும். வேலையில் சேரும்போது அங்கிருந்தே ஷேர் கோட் (உங்கள் விசா விவரத்தை நிறுவனம் பார்க்க உதவும் குறியீடு) எடுத்து நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். உள்ளே போனதும் பெயர், தேதி, விசா வகை மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பிழை இருந்தால் விமானம் ஏறும் முன்பே அந்தத் தளம் வழியாகவே புகார் கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.