பிழைக் காசா, அடிபட்ட காசா?

கிளிநொச்சிச் சந்தையில் மீன் வாங்கின மிச்சச் சில்லறையில் ஓரம் கடிபட்ட ஐந்து ரூபாய்க் குத்தி வந்தால் உடனே செலவழிக்காதேங்கோ. அது பிழைக் காசாய், அதாவது நாணயச்சாலையிலேயே பிழையாய் வந்த, சேகரிக்கிற ஆக்கள் தேடுற காசாய் இருக்கலாம். கடிக்கு நேரெதிர் ஓரத்தைப் பாருங்கோ. அச்சடிக்க முன்பே தகடு வெட்டுப்பட்டிருந்தால் அங்கே விளிம்பு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். பிறகு யாரோ அரத்தால் ராவியதென்றால் விளிம்பு ஒழுங்காகவே நிற்கும், வெட்டில் கீறலும் தெரியும்.

வளவு கொத்தேக்க வரும் கறுத்து வீங்கின காசுகளை எங்கட ஆக்கள் பிழைக் காசென்று பொத்திப் பொத்தி வைப்பினம். அது நெருப்பும் மண்ணும் செய்த வேலை. 2005ஆம் ஆண்டுத் தொடரின் 1, 5 ரூபாய்கள் பித்தளை பூசின உருக்கு. துருப்பிடித்தால் வீங்கத்தான் செய்யும்.

பிழைக் காசுகளில், அச்சு மையத்தை விட்டு நல்லாய் விலகி, ஆண்டும் தெரியும் குத்திக்குத்தான் கிராக்கி. கேட்கும் விலையை விடுங்கோ, விற்றுப்போன விலையைப் பாருங்கோ. புளி போட்டு மட்டும் மினுக்கிப்போடாதேங்கோ!