மணலில் ஓடும் பக்கிக்கு டயர், ரிம், பேரிங் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டுப் பட்டறையில் பீச் பக்கி எனப்படும் இலேசான மணல் வண்டியைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் சட்டகத்தையும் எஞ்சினையும் முடித்துவிட்டு, கைக்குக் கிடைத்த சக்கரங்களைக் கடைசியில் மாட்டுகிறார்கள். மணலில் ஓட வேண்டிய வண்டிக்கு இந்த வரிசை தலைகீழானது. டயரின் விட்டம் கியர் விகிதத்தை மாற்றுகிறது; ரிம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பது பேரிங்கின் ஆயுளையே மாற்றுகிறது. ஆகவே மணலைத் தொடும் டயரில் தொடங்கி, ரிம், ஹப் (பேரிங்குகள் அமரும் சக்கரத்தின் நடுக்குடம்), பேரிங் என உள்நோக்கி வருவதே சரியான முறை.

சுவர் மெல்லிய டயர் ஒன்று மணலின் மீது செலுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தமே ஆகும். ஓட்டுநரோடு 400 கிலோ எடையுள்ள பக்கியில், எஞ்சின் பின்னால் இருப்பதால் 60 விழுக்காடு எடை பின்பக்கம் விழுவதாகக் கொண்டால், ஒவ்வொரு பின் டயரும் 120 கிலோவைத் தாங்கும். காற்று 10 பிஎஸ்ஐ இருந்தால் அந்த டயர் சுமார் 170 சதுர செ.மீ. பரப்பில் மணலைத் தொடும். 5 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தால் அந்தப் பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். மணலில் புதையாமல் மிதந்து செல்வதற்கு இந்தப் பரப்புதான் காரணம். எஞ்சினின் குதிரைத்திறன் அன்று. சாலைக் காரின் டயர், ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்காக வடிவமைக்கப்பட்டதால், இவ்வளவு இலேசான பக்கியின் கீழ் காற்றைக் குறைத்தாலும் அதன் சுவர் போதிய அளவு நெளியாது. ஏடிவி எனப்படும், எல்லாத் தடத்திலும் ஓடும் நான்கு சக்கர வண்டிகளின் டயர்களோ 3 முதல் 7 பிஎஸ்ஐ வரையிலான அழுத்தத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றிலும் பிளை எண் (டயர்ச் சுவரின் வலுவைக் குறிக்கும் எண்) குறைந்ததையே தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லும் முள்ளும் உள்ள தடத்துக்கு ஏற்ற தடித்த டயர் மணலில் பாரமே தவிர உதவியன்று. சாதாரண காற்றழுத்தமானி இவ்வளவு தாழ்ந்த அளவைத் துல்லியமாகக் காட்டாது என்பதால், குறைந்த அழுத்தத்துக்கான தனி அளவுகோலை வாங்கிவிடுவது நல்லது.

டயரின் மேற்பரப்பைப் பொறுத்தவரை, சேற்றில் ஓடும் ஆழமான பட்டன் டயர்கள் பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருப்பதால் பலரைக் கவர்கின்றன. உலர் மணலில் அவை பிடித்து இழுப்பதைவிடத் தோண்டுவதே அதிகம். அவற்றைவிடப் பாதி தேய்ந்த, அகலமான டயரே மேல் என்பது என் கருத்து. குன்று மணலில் மட்டும் ஓட்டுபவர் பின்பக்கம் துடுப்பு டயர் (குறுக்கே துடுப்புப் போன்ற பட்டைகள் உள்ளது) போடலாம், ஆனால் அலையோரத்து இறுகிய ஈர மணலில் அது வண்டி முழுவதையும் அதிரவைக்கும். முன்பக்கத்தில் எடை குறைவு என்பதால் அங்கே அவ்வளவு அகலம் வேண்டியதில்லை. சுற்றளவின் நடுவே நீளவாக்கில் வரம்பு ஓடும் ஒடுக்கமான டயர்தான் வளைவில் பக்கவாட்டில் வழுக்காமல் திரும்பும்.

22×11-8 என்று பொறிக்கப்பட்டிருந்தால், வெளிவிட்டம் 22 அங்குலம், அகலம் 11, ரிம் 8 என்று பொருள். இதை 25 அங்குலமாக உயர்த்தினால் கியர் சுமார் 14 விழுக்காடு நீண்டுவிடும் என்பதால், அதே அளவுக்குச் சங்கிலிச் சக்கரத்தின் பல் எண்ணிக்கையையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ரிம்மில் முதலில் பார்க்க வேண்டியது போல்ட் வட்டம், அதாவது போல்ட்டுகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம். பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்களைக் கொண்டு கட்டுகிறவர்கள், முற்கால வண்டிகளில் 205 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்டுகளும், பிற்கால வண்டிகளில் 130 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட்டுகளும் இருப்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். நட்டின் முகம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும் ரிம்மின் துளையோடு பொருந்த வேண்டும்; பொருந்தாத நட்டு முதல் ஓட்டத்திலேயே தளரலாம். மிகக் குறைந்த காற்றில் வேகமாகத் திரும்பும்போது டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும் என்பதால், அப்படி ஓட்ட விரும்புகிறவர் ஓரத்தைத் திருகிப் பிடிக்கும் பூட்டு வளையம் உள்ள ரிம்மை நாட வேண்டும். கைவண்டிச் சக்கரங்கள் நடை வேகத்துக்குச் செய்யப்பட்டவை. அவற்றை எஞ்சின் வண்டியில் பொருத்தவே கூடாது.

பேரிங் விஷயத்தில்தான் கணக்குப் போடாமல் பெரியதாக வாங்கும் வழக்கம் உள்ளது. 6205 என்ற சாதாரண பால் பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ.; கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். அதன் இயக்கச் சுமைத் திறன், அதாவது பத்து லட்சம் சுற்றுகள் தாங்கக்கூடிய சுமை, சுமார் 1,400 கிலோ. மேலே சொன்ன 120 கிலோ, குண்டுகுழியில் மும்மடங்காகி 360 கிலோ ஆகிறது என்று வைத்தாலும், கணக்குப்படி அது ஏறக்குறைய ஆறு கோடிச் சுற்றுகள் தாங்கும். 22 அங்குல டயரில் இது ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் ரிம் வெளியே தள்ளி, சக்கரத்தின் மையக்கோடு வெளிப்புறப் பேரிங்குக்கு 50 மி.மீ. அப்பால் விழுந்து, இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே 50 மி.மீ. மட்டுமே இருந்தால், வெளிப்புறப் பேரிங் சக்கரச் சுமையைப்போல் இரு மடங்கைத் தாங்க நேர்ந்து, அதன் ஆயுள் எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆகவே பெரிய பேரிங்கைத் தேடுவதைவிட, இரண்டு பேரிங்குகளையும் விலக்கி வைத்து, மையக்கோடு அவற்றின் நடுவே விழும்படி ரிம்மைத் தேர்ந்தெடுப்பதே பயன் தரும்.

அப்படி வைத்த பிறகும் கடற்கரையில் பேரிங்கைக் கொல்வது சுமையன்று, உப்புநீரும் நுண்மணலுமே. ஓடிச் சூடான ஹப் அலையில் நனைந்து சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் இடுக்கு வழியே நீரை உள்ளே இழுக்கிறது. இதனால் இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையையே வாங்க வேண்டும். உலோகத் தகடு மட்டும் உள்ள இசட்இசட் வகை மணலுக்கு ஏற்றதன்று. பின் ஆக்சிலுக்கு, கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ள யூசிபி 205 போன்ற பில்லோ பிளாக் (சட்டகத்தில் போல்ட் போட்டுப் பொருத்தும் கூட்டோடு வரும் பேரிங்) எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் வெல்டிங்கில் சட்டகம் சற்றுக் கோணினாலும் அதன் உருண்டை இருக்கை தானே நேராகிக்கொள்ளும். அதன் உள்வளையத்தை ஷாஃப்டோடு பிடிக்கும் திருகு பதியும் இடத்தில் ஷாஃப்டில் சிறு பள்ளம் துளையிட்டுக்கொள்வது அவசியம்.

பொருத்தும்போது, முன் ஹப்பில் வெளிவளையம்தான் சுழல்கிறது என்பதால் அது இறுக்கமாக அமர வேண்டும். உள்வளையம் கையால் தள்ளினால் நழுவும் அளவு போதும். இரண்டு உள்வளையங்களுக்கும் நடுவே, சரியான நீளத்தில் கடைந்த ஸ்பேசர் குழாய் இல்லாவிட்டால், நட்டை முறுக்கும்போது வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கி, குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். பேரிங்கை அடித்து இறக்கும்போது இறுக்கமாக அமரும் வளையத்தின் மீதே விசை விழ வேண்டும். நீரைத் தாங்கும் மரைன் கிரீஸை இடுவதும், நிப்பிள் இருந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே பழைய கிரீஸ் சீலோரமாகக் கசியும் வரை மெதுவாக ஏற்றுவதும் நல்லது. பின்னர் ஹப் ஆறியதும் நன்னீரால் கழுவலாம். பீய்ச்சும் குழாயைச் சீலுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது.