ஆளை நிறுத்தும்போது முதலாளிகள் செய்யும் தவறுகள்

"நாளையிலிருந்து வராதே." மணலி கன்டெய்னர் யார்டோ வியாசர்பாடி லேத் பட்டறையோ, வாயால் சொன்ன இந்த ஒரு வரியில்தான் பல வழக்குகள் பிறக்கின்றன. பிறகு கோர்ட்டில், "அவராகவே நின்றுவிட்டார்" என்பார் முதலாளி. அப்படியானால் வரச்சொல்லி எழுதிய கடிதம் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. ஆள் சொல்லாமல் நின்றால் ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள்: எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, எந்தத் தேதிக்குள் சேர வேண்டும். சென்னை முகவரிக்கு ஒன்று, சொந்த ஊருக்கு ஒன்று, விரைவு அஞ்சலில். திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் வையுங்கள்.

திருட்டோ கைகலப்போ கண்ணெதிரே நடந்திருந்தாலும் உள்விசாரணை, அதாவது நிறுவனமே நடத்தும் விசாரணை, வேண்டும். தொழிலாளிக்குக் கொடுக்கும் சார்ஜ் ஷீட்டில் (குற்றச்சாட்டுக் கடிதத்தில்) "ஒழுங்கீனமாக நடந்தார்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. தேதி, நேரம், இடம், செய்த செயல் எல்லாம் வேண்டும். புகார் கொடுத்த சூப்பர்வைசரையே விசாரணை அதிகாரியாகப் போடுவது மிகப் பெரிய தவறு. சாட்சிகளைத் தொழிலாளி குறுக்கு விசாரணை செய்யவிடுங்கள். அறிக்கையின் நகலைக் கொடுத்து, அவர் பதிலைப் பார்த்த பிறகே தண்டனையை முடிவு செய்யுங்கள்.

சஸ்பென்ஷனில் இருப்பவருக்குப் பிழைப்பூதியத்தை நிறுத்தாதீர்கள். 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். பஸ்ஸுக்குக்கூடக் காசில்லாமல் அவர் வராமல் போனால், அவர் இல்லாமல் நடத்திய விசாரணை செல்லாமல் போகலாம்.

வழக்கு வந்த பின் பலர் கோட்டைவிடுவது ஒரு வரியை. "உள்விசாரணை செல்லாதென்றால், குற்றச்சாட்டை இந்த நீதிமன்றத்திலேயே நிரூபிக்க வாய்ப்பு வேண்டும்" என்பது முதல் பதில் மனுவிலேயே இருக்கட்டும். தாமதமாகக் கேட்டால் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

குற்றமில்லை, ஆர்டர் குறைந்துவிட்டது என்றால் கணக்கு வேறு. ஓராண்டில் 240 நாள் உழைத்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்தச் சம்பளம், அதோடு பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். நிறுத்தும் அன்றே பணம் கையில் சேர வேண்டும்; "அப்புறம் தருகிறேன்" என்றால் ஆட்குறைப்பே செல்லாது. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) மட்டும் 30 நாள் அவகாசம்.

பிறகு ராஜினாமாவாக எழுதிக்கொள்ளலாம் என்று, சேரும்போதே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது அநியாயம், பாதுகாப்பும் அல்ல. பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918-லேயே சங்கம் கட்டிய பெரம்பூர்ப் பக்கம் இது. கேட்டில் நிறுத்திய அன்றே புகார்க் கடிதம் போய்விடும். அந்தக் கடிதத்தின் தேதியை எதிர்த்து உங்கள் "ராஜினாமா" நிற்காது.